சமைக்கும் எலியைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டில் யார் என்ன சொன்னார்கள்?

வெண்டைப்பிஞ்சு (திருச்சி)

நேற்று ராத்திரி வீட்டில் ஐந்து பேரும் உட்கார்ந்து ‘ராட்டடூயி’ பார்த்தோம். பிராட் பேர்ட் இயக்கி, பிக்ஸார் நிறுவனம் 2007இல் வெளியிட்ட அனிமேஷன் படம். கல்லூரி நாட்களில் நான் தனியாகப் பார்த்தது, இப்போதுதான் பிள்ளைகளோடு பார்க்கக் கிடைத்தது. படம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. அதைப் பற்றிய பேச்சு இன்று காலை இட்லி சாப்பிடும்போதும் ஓயவில்லை.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ரெமி என்ற எலிக்கு மோப்பமும் நாக்கும் அபாரம். குப்பையைத் தின்னப் பிடிக்காது, சமைக்க ஆசை. பாரிசில், காலமாகிவிட்ட குஸ்டோ என்ற பெரிய சமையல்காரரின் உணவகத்துக்கு வந்து சேர்கிறது. அங்கே குப்பை அள்ளும் வேலைக்கு வந்த லிங்குவினி என்ற பையனுக்குச் சமையலே தெரியாது. ரெமி அவன் தொப்பிக்குள் உட்கார்ந்து, முடியைப் பிடித்து இழுத்து அவன் கைகளை ஆட்டுவிக்கிறது. பேரெல்லாம் பையனுக்குப் போகிறது. கடைசியில் ஆன்டன் ஈகோ என்ற கடுமையான விமர்சகர் சாப்பிட வருகிறார். அவருக்கு ரெமி வைப்பது ராட்டடூயி, கத்தரிக்காயும் வேறு காய்களும் சேர்த்த எளிய சமையல்.

இனி எங்கள் வீட்டுத் தீர்ப்புகள். சின்னவனுக்கு ஆறு வயது. கூரை மேல் காளானையும் எலிகளையும் மின்னல் தாக்கும் காட்சியை மூன்று முறை போடச் சொன்னான். என் வீட்டுக்காரர், “அந்தப் பையன் செய்வது மோசடி, அடுத்தவர் உழைப்பில் பேர் வாங்குகிறான்” என்றார். பதின்மூன்று வயது மகளுக்குக் கொலெட்டுக்காகக் கோபம். அந்தச் சமையலறையின் ஒரே பெண், கஷ்டப்பட்டு மேலே வந்தவள். நேற்று வந்தவனுக்கு வேலை கற்றுக்கொடுக்கும்படி அவளிடம் சொல்கிறார்கள். பிறகு அவனே முதலாளி ஆகிவிடுகிறான். “இது எப்படிம்மா நியாயம்?” என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

மாமியாருக்கு எழுபத்தொன்று. முதல் பாதியை நன்றாகவே ரசித்தார். எலிக்கூட்டம் மொத்தமும் சமையலறைக்குள் இறங்கியதும் எழுந்துவிட்டார். “அடுப்படியில் ஒரு எலி ஓடினாலே அந்த மாவைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பேன். இத்தனை எலி சமைத்ததை ஒரு மனுசன் சாப்பிடுவதைப் பார்த்துக் கைதட்டச் சொல்கிறாயா?”

எனக்குப் பிடித்தது, முதல் வாய் சாப்பிட்டதும் சிறுவயதில் அம்மா வைத்த சாப்பாடு நினைவுக்கு வந்து ஈகோவின் பேனா கை நழுவி விழும் இடம். முதல் தடவை பார்த்தபோது அது நல்ல காட்சி என்று தோன்றியது. இந்த முறை அழுதுவிட்டேன்.

உங்கள் வீடுகளில் என்ன பேசினீர்கள்? சொல்லுங்கள்.


பட்டாணிச்சுண்டல் (தஞ்சாவூர்)

நான் உங்கள் மாமியார் கட்சி. என் அம்மா அந்தக் காட்சி வந்ததும் டிவியையே அணைத்துவிட்டார். என் தம்பி ஒரு வாரம் விடாமல் கெஞ்சிய பிறகுதான் மிச்சத்தைப் பார்த்தோம். பார்த்த பிறகும் அம்மா மாறவில்லை. உங்கள் வீட்டுக்காரர் சொன்னதும் சரி. பையன் முதல் நாளே “நான் சமைக்கவில்லை” என்று சொல்லியிருக்க வேண்டும்.


எலிவளை வாத்தியார் (ஓய்வு, விலங்கியல்)

முப்பது வருடம் பள்ளியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் எலி பக்கத்திலிருந்து சில விஷயங்கள். பேரப்பிள்ளைகளோடு நான்கு தடவை பார்த்துவிட்டேன்.

ரெமியின் அப்பா ஜாங்கோ அவனை விஷம் மோந்து பார்க்கும் வேலையில் வைப்பார், நினைவிருக்கிறதா? அதற்குப் பின்னால் உண்மை இருக்கிறது. எலியால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்குள் போனது போனதுதான். அதனால் பழகாத உணவைக் கண்டால் அதற்குப் பயம். துளி கடித்துப் பார்க்கும், காத்திருக்கும், உடம்புக்கு ஒன்றும் ஆகாவிட்டால்தான் மறுபடி வரும். எலி மருந்து வைக்கும் விவசாயிகள் முதலில் இரண்டு மூன்று நாள் மருந்து கலக்காத இரையை வைத்துப் பழக்குவது இதனால்தான்.

இன்னொரு செய்தி படத்தைவிட அழகானது. ஓர் எலி இன்னோர் எலியின் மூச்சை மோந்து, அது என்ன சாப்பிட்டது என்று தெரிந்துகொள்கிறது. பிறகு அதே உணவைத் தேடிப்போகிறது. சாப்பிட்டு வந்த எலிக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தாலும்கூட, அதன் வாயில் மணத்த உணவை மற்றது விரும்பத்தான் செய்கிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அதாவது தோழனிடமிருந்து எலி கற்பது “இது விஷம்” என்பதை அல்ல, “இது சாப்பாடு” என்பதை. ரெமி தன் அண்ணன் எமீலுக்குப் பாலாடைக்கட்டியையும் பழத்தையும் கொடுத்து, மெல்ல ருசித்துப் பார் என்று கெஞ்சும் இடத்தில் எனக்கு இதுதான் ஓடியது.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. ருசி பார்க்கும்போது ரெமியைச் சுற்றி வண்ணங்கள் மலருமே, அது நம் கண்ணுக்காக வைத்தது. எலிக்குச் சிவப்பு நம்மைப் போலத் தெரியாது. அதன் உலகம் மூக்கும் மீசையும்.

இப்போது பாட்டிக்கு வருகிறேன். பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எலியின் சிறுநீர் வழியாக எலிக்காய்ச்சல் பரவும். லெப்டோஸ்பைரா என்ற கிருமி, சிறுநீரகம் வரைக்கும் போகும். படமும் இதை மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ரெமி இரண்டு காலில் நடப்பதே முன்கை அழுக்காகக் கூடாது என்பதற்காக. மற்ற எலிகள் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் நீராவியில் குளித்த பிறகுதான் வேலைக்கு இறங்குகின்றன. அப்படியும் கடைசியில் சுகாதார ஆய்வாளர் வந்து உணவகம் மூடப்படுகிறது. மூடக் கூடாது என்று படம் எந்த இடத்திலும் வாதாடவில்லை.


வெண்டைப்பிஞ்சு

சார், இதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். “படித்தவர் சொன்னால்தான் நம்புவீர்கள்” என்றார். மூச்சை மோந்து பார்க்கும் சங்கதியைக் கேட்டதிலிருந்து சின்னவன் எல்லார் வாயையும் மோந்து பார்த்துக்கொண்டு திரிகிறான்.


கோடும் வண்ணமும் (சென்னை)

அனிமேஷன் படிக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இது “பொம்மைப் படம்”. அதனால் இதற்குப் பின்னால் இருக்கும் வேலையை அவருக்கு எடுத்துச் சொல்லிச் சொல்லியே எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

படம் வரைந்தவர்கள் ஸ்டூடியோவுக்குள்ளேயே ஒரு வருடத்துக்கும் மேலாக எலிகளை வளர்த்தார்கள், மூக்கு, காது, வால் எப்படி அசைகிறது என்று பார்க்க. குப்பைக் குவியல் காட்சிக்காகப் பதினைந்து வகைக் காய், பழங்களை அழுக வைத்துப் படம் பிடித்தார்கள். நனைந்த உடுப்பு உடம்பில் எங்கே ஒட்டும், எங்கே ஒட்டாது என்று தெரிந்துகொள்ள ஒருவருக்குச் சமையல்காரர் உடுப்பு மாட்டி நீச்சல் குளத்தில் இறக்கினார்கள். தயாரிப்பாளர் பிராட் லூயிஸ், கலிபோர்னியாவில் தாமஸ் கெல்லர் என்ற சமையல்காரரின் உணவகச் சமையலறையில் போய் வேலை பழகினார். இவ்வளவையும் சொன்னதும் அப்பா, “ஒரு கத்தரிக்காய்க்காகவா?” என்று கேட்டுவிட்டு, அன்றைக்கு முழுப்படமும் உட்கார்ந்து பார்த்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அக்காவின் வீட்டுக்காரர் மோசடி என்கிறார் இல்லையா? இந்தப் படம் உருவான விதத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. கதையை முதலில் நினைத்தவர் ஜான் பின்காவா. இயக்குநராக ஆரம்பித்தவரும் அவர்தான். 2005இல் படத்தை பிராட் பேர்ட் கையில் கொடுத்தார்கள். பேர்ட் திரைக்கதையைத் திரும்ப எழுதினார், எலிகளை இன்னும் எலித்தனமாக நடக்க வைத்தார், படத்தைத் தூக்கி நிறுத்தினார். அதில் சந்தேகமே இல்லை. பின்காவாவுக்கு இணை இயக்குநர் என்று பேர் வந்தது. சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரில் இருந்தது பேர்டின் பெயர் மட்டும்.

யார் சமைத்தது, யார் பெயர் வெளியே போனது என்பதைப் பற்றிய படம் இது. அதனால் அந்தப் பெயர்ப் பட்டியலை நான் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி வாசிக்கிறேன்.


சரக்கு மாஸ்டர் மகன் (மதுரை)

அப்பா நாற்பது வருடம் ஹோட்டலில் சரக்கு மாஸ்டராக இருந்தவர். சாம்பார், குருமா, சால்னா எல்லாம் அவர் பொறுப்பு. அவரை உட்கார வைத்துத் தமிழில் கதை சொல்லிக்கொண்டே போட்டுக் காட்டினேன்.

எலி வந்தபோதெல்லாம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொலெட் லிங்குவினிக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், மேடை சுத்தமாக இருக்க வேண்டும், முன்னால் கட்டிய துணி அழுக்காகலாம், சட்டைக்கை அழுக்காகக் கூடாது என்பாள். “இது அடுப்படியில் நின்ற ஆள் எழுதினது” என்று அப்பா சொல்லிவிட்டார். கையை அகலமாக வீசி வேலை செய்த ஒரு பையன் மேல் கொதிக்கிற எண்ணெய் பட்டதை அப்போதுதான் எங்களுக்கு முதல் முறையாகச் சொன்னார். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதை.

குஸ்டோவுக்குப் பிறகு உணவகத்தை நடத்தும் ஸ்கின்னர், குஸ்டோவின் முகத்தைப் போட்டு உறைய வைத்த சாப்பாட்டுப் பொட்டலம் விற்கப் பார்ப்பது அவருக்குத் தாங்கவில்லை. அவர் வேலை செய்த ஓரிடத்தில் பழைய முதலாளி இறந்ததும் மகன்கள் அந்தப் பெயரிலேயே மசாலாப் பாக்கெட் போட்டார்களாம். மசாலா அளவு சொன்னது அப்பா. பாக்கெட்டில் இருந்த படம் முதலாளியுடையது.

அப்புறம், எலி சமைத்ததில் அவருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. “கை கழுவினதா? கழுவினது. உப்பு பார்த்ததா? பார்த்தது. வேற என்ன வேண்டும்?”


வழக்குக்கட்டு (கோயம்புத்தூர்)

வெண்டைப்பிஞ்சு அக்கா, உங்கள் மகளின் கேள்விக்குத்தான் எழுதுகிறேன். நான் வக்கீல். அந்த உயில் என்னை முதல் தடவையே உறுத்தியது.

குஸ்டோவின் உயிலில் என்ன இருக்கிறது? இறந்து இரண்டு வருடத்துக்குள் வாரிசு யாரும் வராவிட்டால் உணவகம் ஸ்கின்னருக்குப் போகும். லிங்குவினி குஸ்டோவின் மகன், அது அவனுக்கே தெரியாது. ரெமி அந்தக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு பாரிஸ் முழுக்க ஓடி அவனிடம் சேர்க்கிறது. பார்க்கும்போது நமக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், ‘யாரும் சமைக்கலாம்’ என்று புத்தகம் எழுதியவரின் உணவகம் ரத்த உறவைப் பார்த்துப் போகிறது. அங்கே சமைக்கத் தெரிந்தவர்கள் அரை டஜன் பேர் நிற்கிறார்கள். உயிலில் அவர்களில் யாருக்கும் இடமில்லை, ஸ்கின்னர் ஒருவரைத் தவிர. உங்கள் மகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. அவளிடம் அப்படியே சொல்லுங்கள்.

கொலெட் தன் நிலைமையை முதலிலேயே சொல்லிவிடுகிறாள். பெரிய சமையல் என்பது ஆண்கள் கட்டிய படிக்கட்டு, பெண்கள் ஏற முடியாதபடி கட்டியது, அதிலும் ஏறி வந்தவள் நான் என்று. அந்த வார்த்தைக்குப் படம் கடைசி வரை பதில் சொல்லவில்லை என்று முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறேன். லிங்குவினி உண்மையைச் சொன்னதும் எல்லாரும் வெளியேறுகிறார்கள், அவளும்தான். போகும் வழியில் கடைக் கண்ணாடிக்குள் குஸ்டோவின் புத்தகத்தைப் பார்த்துத் திரும்பி வருகிறாள். ஈகோவுக்கு வைக்கப் போவது ராட்டடூயி என்றதும், அது குடியானவர் சாப்பாடாயிற்றே என்று தயங்கிவிட்டு, எலியோடு சேர்ந்து சமைக்கிறாள். முடிவில் புதிதாகத் திறக்கும் சின்ன உணவகத்தில் அடுப்பு ரெமியிடமும் அவளிடமும் இருக்கிறது. லிங்குவினி பரிமாறுகிறான். அவன் திறமையும் அதில்தான். சக்கரக் காலணியோடு ஒற்றை ஆளாக அத்தனை மேசையையும் பார்த்துக்கொண்டானே.

அதாவது, பெயருக்கு வாரிசு ஒருவன், வேலைக்கு வாரிசுகள் வேறு என்று பிரித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கதவில் கொலெட்டின் பெயரையும் எழுதியிருக்கலாம்.


லாச்சப்பல் பொடியன் (பாரிஸ்)

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பாரிசில் பிறந்து வளர்ந்தவன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து 1989இல் வந்தவர். வந்த நாளிலிருந்து ஓய்வு எடுக்கும் வரைக்கும் உணவகச் சமையலறைகளில்தான் இருந்தார். முதலில் கோப்பை கழுவினார். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அப்படித்தான் தொடங்கினார்கள். பாரிசில் தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஒரு தேநீர்க் கடையில் பத்து நிமிடம் நின்றாலே நான்கு சமையல்காரரைச் சந்திக்கலாம். பாரிசின் நடுவில் வெள்ளை மேசைத்துணி விரித்த எத்தனையோ இடங்களில், உள்ளே அடுப்படியில் நிற்பது தமிழர்.

படம் இங்கே 2007 ஆகஸ்டில் வந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு ஞாயிறு மட்டும் விடுமுறை, அந்த ஞாயிறு எங்களைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனார். எலிகளைக் கண்டு அம்மம்மா கண்ணை மூடிக்கொண்டார். தங்கச்சி சிரித்துக்கொண்டே இருந்தாள். அப்பா மட்டும் அசையாமல் பார்த்தார். ஜாங்கோ தன் மகனைக் கூட்டிப்போய், கடைக் கண்ணாடிக்குள் செத்த எலிகள் தொங்குவதைக் காட்டும் இடத்தில் மெல்லச் சொன்னார், “இது லே ஆல் பக்கத்துக் கடை.” உண்மையாகவே பாரிசின் லே ஆல் பகுதியில் அந்தக் கடை இருக்கிறது. 1872இல் தொடங்கியது, பூச்சி, எலி ஒழிப்பு மருந்து விற்பது. கண்ணாடிக்குள் பாடம் செய்த எலிகள் வரிசையாகத் தொங்கும். அப்பா வேலைக்குப் போகும் வழி அது.

அவர் கடைசியாக வேலை செய்த இடத்தின் பெயர் வேண்டாம். சமையலறை நிலக்கீழ் அறையில். பத்தொன்பது வருடம் அங்கே வெங்காய சூப் வைத்தது அப்பா. உணவுப் பட்டியல் அட்டையில் ‘எங்கள் பாட்டியின் வெங்காய சூப்’ என்று போட்டிருக்கும். பாட்டி என்றால் முதலாளியின் பாட்டி. ஒரு சஞ்சிகையில் அந்த சூப்பைப் புகழ்ந்து எழுதினார்கள், முதலாளி படத்தோடு. அப்பா அதை வெட்டிக்கொண்டு வந்து வீட்டில் வைத்தார். எனக்கு அப்போது அது பெருமையாக இருந்தது. பிறகு வயது வந்தபோது கோபம் வந்தது.

அதனால் ‘மோசடி’ என்ற சொல்லைப் பற்றி. லிங்குவினியும் அந்த முதலாளியும் ஒன்றல்ல. லிங்குவினி பத்திரிகைக்காரர் முன்னால் வாய் திறந்து சொல்லவில்லை, அது தப்பு. ரெமி மனம் உடைந்து போகிறது. ஆனால் ஈகோ வந்து உட்கார்ந்திருக்கும் இரவில், மொத்தச் சமையலறையும் கேட்க, சமைத்தது இது என்று எலியைக் காட்டுகிறான். எல்லாரும் போய்விடுவார்கள் என்று தெரிந்தும் சொல்கிறான். அப்பா தியேட்டரில் அந்த இடத்தில்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஈகோ சாப்பிடும் இடத்தில் இல்லை.

ஈகோ சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும், மற்றவர்கள் எல்லாம் போகும் வரைக்கும் காத்திருக்கச் சொல்கிறார்கள். அவர் காத்திருக்கிறார். அவ்வளவு பெரிய மனிதர், கடை காலியாகும் வரைக்கும் தனியாக உட்கார்ந்திருக்கிறார். சமைத்தவரைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று ஒருவர் இருப்பது அப்பாவுக்கு வாய்க்கவில்லை.

இன்னொன்று. ரொட்டி நல்லதா என்று சாப்பிடாமல் எப்படித் தெரியும் என்று கொலெட் கேட்பாள். மணம் இல்லை, நிறம் இல்லை, அமுக்கும்போது மேலோடு நொறுங்கும் சத்தம் என்பாள். பாரிசில் ஒவ்வொரு வருடமும் சிறந்த பகெத்துக்கு, அதாவது நீள ரொட்டிக்கு, போட்டி வைக்கிறார்கள். வெல்பவர் ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்கு ரொட்டி கொடுப்பார். 2023இல் அதை வென்றவர் இலங்கையிலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜா, 20ஆம் வட்டாரத்தில் கடை வைத்திருப்பவர். செய்தி வந்த அன்று அப்பா பஸ் ஏறிப்போய் வரிசையில் நின்று நான்கு பகெத் வாங்கி வந்தார். வீட்டில் ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கிப் பார்த்தார். அவர் பெயரோடேயே அந்த ரொட்டி மாளிகைக்குள் போகிறது என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார்.


பட்டாணிச்சுண்டல்

அண்ணா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்தேன். மோசடி என்று நான் எழுதியது அவசரம். லிங்குவினி கடைசியில் சொல்லிவிட்டான் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. எலி விஷயத்தில் மட்டும் அம்மாவும் நானும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம்.

ஒரு கேள்வி. “எல்லாராலும் பெரிய கலைஞராக முடியாது, ஆனால் பெரிய கலைஞர் எங்கிருந்தும் வரலாம்” என்கிற மாதிரி ஈகோ எழுதுகிறாரே, அது சரிதானா? எனக்கு அது கொஞ்சம் நெருடுகிறது. பெரியவராக வந்தால்தான் மதிப்பா? தினமும் சாதாரணமாகச் சமைக்கிறவர்களை எங்கே வைப்பது?


லாச்சப்பல் பொடியன்

நல்ல கேள்வி, தங்கச்சி. பதில் ஈகோவின் நினைவிலேயே இருக்கிறது. சைக்கிளில் விழுந்து, அழப்போகிற முகத்தோடு வாசலில் நிற்கிறான் சின்னப் பையன். அம்மா ஒரு தட்டை முன்னால் வைத்து அவன் கன்னத்தைத் தொடுகிறாள். அவ்வளவுதான். அவள் கலைஞர் இல்லை, நட்சத்திரம் இல்லை. ஈகோவின் எழுத்தால் குஸ்டோ உணவகம் இழந்த தர நட்சத்திரத்துக்கும் மேலே அவளுடைய தட்டு நிற்கிறது. ரெமி செய்த பெரிய காரியம், அந்த அம்மாவின் சமையலைத் திருப்பிக் கொண்டுவந்தது. எழுதும்போது ஈகோ அவளை எழுத மறந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.


அடுப்படி ஆச்சி (காரைக்குடி)

எல்லாரும் பேசுகிறீர்கள், யாராவது செய்து பார்த்தீர்களா? நான் மூன்று தடவை செய்தேன், பேத்தி கேட்டாள் என்று.

இது தென் பிரான்சில், நீஸ் ஊர்ப் பக்கத்துச் சாப்பாடு. கத்தரிக்காய், சுக்கினி (வெள்ளரி போல நீளமான பூசணி வகைக் காய்), குடைமிளகாய், தக்காளி, வெங்காயம், பூண்டு. ஊர்ப் பழக்கப்படி ஒவ்வொரு காயையும் தனித்தனியாக ஆலிவ் எண்ணெயில் வதக்கி, பிறகு ஒன்றாகச் சேர்த்துச் சிறு தீயில் விடுவார்கள். நம் ஊர்க் கதம்பக் கூட்டு மாதிரி, பருப்பு மட்டும் இல்லை.

படத்தில் வருவது வேறு மாதிரி. காயை மெல்லிய வில்லையாகச் சீவி, ஒன்றன் மேல் ஒன்று சாய்த்துச் சுருளாக அடுக்குகிறார்கள். அந்த அடுக்கலைப் படத்துக்காகச் செய்துகொடுத்தது தாமஸ் கெல்லர். அவருக்கு முன்னால் மிஷேல் கெரார் என்ற பிரெஞ்சுச் சமையல்காரர் 1976இலேயே அதுபோல ஒன்றை எழுதிவைத்தார். அவர் அதற்கு வைத்த பெயர் துருக்கிக்காரர்களின் கத்தரிக்காய்ச் சமையல் ஒன்றிலிருந்து வந்தது. ஒரு தட்டுக்குப் பின்னால் எத்தனை கை பாருங்கள்.

செய்முறை: குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்து, வெங்காயம், பூண்டு, தக்காளியோடு கெட்டியாக வதக்கி அடியில் பரப்பவும். அதன் மேல் வில்லைகளை அடுக்கவும். நாட்டு உருண்டைக் கத்தரி வேண்டாம், விதை அதிகம். பிஞ்சாக, நீளமாக எடுங்கள். உப்பு, மிளகு, நல்ல எண்ணெய் தடவி, மேலே காகிதம் போட்டு மூடி, ஓவனில் 135 டிகிரியில் இரண்டு மணி நேரம். பிறகு திறந்து அரை மணி நேரம். ஓவன் இல்லாவிட்டால் கனமான தோசைக்கல்லின் மேல் மூடிய சட்டியை வைத்து, தீயை முடிந்த மட்டும் குறைத்து விடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். அவசரப்பட்டால் காய் வெந்துவிடும், ஆனால் ருசி இறங்காது.


வெண்டைப்பிஞ்சு

ஆச்சி சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை செய்தோம். நடந்ததை எழுதுகிறேன்.

காய் சீவ ஒரு இயந்திரம் வாங்கலாமா என்று மகளும் நானும் பேசிக்கொண்டிருந்தோம். மாமியார் ஒன்றும் சொல்லாமல் அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கத்தரிக்காயும் சுக்கினியும் அவர் கையில் வில்லை வில்லையாக விழுந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கனத்தில் வித்தியாசமே தெரியவில்லை. மகள் ஒரு வில்லையை விளக்குக்கு எதிரே பிடித்தாள், வெளிச்சம் தெரிந்தது. அவர் சீவச் சீவ அவள் அடுக்கினாள். தக்காளி வதக்கியது மட்டும்தான் என் வேலை.

இரண்டரை மணி நேரம் ஆனது. நடுவில் சின்னவன் இரண்டு தடவை பசி என்றான். முதல் வாயில் எனக்கு ஏமாற்றம். உப்பு குறைவு, காரமே இல்லை. ஆனால் ஐந்து நிமிடம் கழித்து, ஆறின பிறகு எடுத்த வாயில் குடைமிளகாயின் சுட்ட வாசனையும் கத்தரிக்காயின் இனிப்பும் சேர்ந்து வந்தன. சோற்றோடு சரிப்படவில்லை, ரொட்டியோடு நன்றாக இருந்தது. சின்னவன் தக்காளியை மட்டும் பொறுக்கித் தின்றான்.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்து, “பிரமாதமாகச் செய்திருக்கிறாய்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள், “சீவினது பாட்டி, அடுக்கினது நான். யார் செய்தது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அப்பா” என்றாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, “அம்மா, நீங்களா சீவினீர்கள்?” என்று கேட்டார். மாமியார், “அறுபது வருடமாக நான்தான் சீவுகிறேன்” என்றார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் அடுத்த வாய் இறங்க நேரமானது.

எலி விஷயத்தில் அவர் இம்மியும் மாறவில்லை. ராத்திரி பொறியில் சுட்ட தேங்காய்ச் சில்லு வைத்துவிட்டுத்தான் படுத்தார். சின்னவன் அதைப் பார்த்து அழுதான். பாட்டியும் பேரனும் இன்று வரை பேச்சுவார்த்தையில் இருக்கிறார்கள்.


எலிவளை வாத்தியார்

பேரனிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். எலி வராமல் செய்துவிட்டால் பொறியே வேண்டாம். கதவடியில் தகரம் அடியுங்கள், அரிசி டிரம்முக்கு இறுக்கமான மூடி போடுங்கள், இரவில் எச்சில் பாத்திரத்தைக் கழுவிவிட்டுப் படுங்கள். கட்டைவிரல் நுழைகிற ஓட்டை இருந்தாலும் எலி வந்துவிடும். ஓட்டை தேடும் வேலையைச் சின்னவனிடமே கொடுங்கள்.


லாச்சப்பல் பொடியன்

அக்கா, உங்கள் பதிவை நேற்றிரவு அப்பாவிடம் வாசித்தேன். அரிவாள்மனை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். இந்தப் பேத்தி கேட்டதுபோல யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்றார். நானும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபப்பட்டேனே தவிர, அந்த சூப்பை எப்படி வைப்பீர்கள் என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளும் கேட்கவில்லை.

இன்று காலை கேட்டேன். கொஞ்ச நேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொப்பி எடுத்துவரச் சொன்னார். குசினியில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். நான்கு பேருக்கு அளவு சொல்ல அவருக்கு வரவில்லை, பழகியது பெரிய சட்டிக்கு. பரவாயில்லை, நீங்கள் வைத்தபடியே சொல்லுங்கள் என்றேன். முதல் வரி எழுதியாயிற்று: வெங்காயம், பத்துக் கிலோ.